வாசலுக்கும் ஆட்களுக்கும் நடுவே நெருப்பு: கேபின் கிரீக் பென்ஸ்டாக் விபத்து, 2007

நீர்மின் நிலையத்தின் தீப்பாதுகாப்பு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஜெனரேட்டருக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வரிசை, டிரான்ஸ்பார்மருக்கு நீர்த்தெளிப்பு, கேபிள் காலரிக்குப் புகை உணரி, கவர்னர் எண்ணெய்த் தொட்டிக்கு நுரை என்று எல்லாம் இருக்கும். நீர்த்தேக்கத்திலிருந்து டர்பைனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெருங்குழாயான பென்ஸ்டாக் மட்டும் இருக்காது. தண்ணீர் ஓடும் இரும்புக் குழாயில் தீ எங்கிருந்து வரும் என்ற நினைப்புதான் காரணம். ஓடும் வரை அது சரி. தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே ஆளும் பெயின்ட்டும் போன நாளிலிருந்து, அந்த நிலையத்திலேயே தப்பிக்கக் கடினமான இடம் அதுதான்.

2007 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அது நடந்தது. டென்வருக்கு மேற்கே சுமார் 45 மைல் தொலைவில், ஜார்ஜ்டவுன் என்ற மலையூரை ஒட்டி, ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் இருக்கிறது எக்செல் எனர்ஜி நிறுவனத்தின் கேபின் கிரீக் நீரேற்று மின்நிலையம். மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நம் கடம்பாறை நிலையமும் இதே வகைதான்.

மேல் தேக்கத்தையும் பவர்ஹவுஸையும் இணைக்கும் பென்ஸ்டாக்கின் மொத்த நீளம் சுமார் 4,300 அடி. அதில் பவர்ஹவுஸை ஒட்டிய 1,530 அடி எஃகுப் பகுதி. அந்தப் பகுதியின் உட்புறப் பூச்சைச் சுரண்டியெடுத்துவிட்டு எபாக்சி என்ற பிசின் பூச்சை அடிக்கும் வேலையை ஆர்பிஐ கோட்டிங் என்ற ஒப்பந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது. பிற்பகல் 2 மணி வாக்கில், ஸ்பிரே எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த கரைப்பானின் ஆவி தீப்பற்றியது. அப்போது உள்ளே 11 பேர். ஐந்து பேர் இறந்தார்கள், மூன்று பேர் காயமடைந்தார்கள். இறந்த ஐவரும் தீயில் கருகவில்லை. தீக்கு அப்பால் சிக்கிக்கொண்டு, கையிலிருந்த வாக்கி-டாக்கியில் சுமார் 45 நிமிடம் வெளியே இருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்து, புகையில் மூச்சடங்கினார்கள்.

அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் மூன்றாண்டு காலம் விசாரித்து 2010 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. இங்கே வரும் விபத்து விவரங்கள் அந்த விசாரணையில் வெளிவந்தவை. கணக்குகளும் வேலைமுறை பற்றிய கருத்துகளும் எங்களுடையவை.

குழாயின் அமைப்பு

இந்த விபத்தைப் புரிந்துகொள்ள ஒரு காகிதத்தில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். வலது முனை பவர்ஹவுஸ் பக்கம். அங்கேதான் உள்ளே போகவும் வெளியே வரவும் வாசல். அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வழி கிடையாது. அங்கிருந்து இடப்பக்கமாக 1,450 அடி, அதாவது 440 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் பூச்சு வேலை நடந்த இடம். இன்னும் இடப்பக்கம் போனால் எஃகு முடிந்து கான்கிரீட் சுரங்கம். அதற்கும் அப்பால் குழாய் 55 டிகிரி சரிவில் மேல் தேக்கத்தை நோக்கி ஏறுகிறது. கயிறும் பிடிமானமும் இல்லாமல் எவராலும் ஏற முடியாத சரிவு அது.

இப்போது அந்தக் கோட்டில் ஸ்பிரே எந்திரத்தைக் குறியுங்கள். பூச்சாட்களுக்கு வலப்பக்கம், வாசலுக்கு இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவில்.

இது யாரோ ஒருவரின் கவனக்குறைவால் வந்த இடம் இல்லை. குழாய்க்குள் பூச்சு அடிக்கும் எந்த வேலையிலும் எந்திரம் தானாகவே அங்கே போய்த்தான் நிற்கும். எபாக்சி டிரம், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர், கரைப்பான் வாளி, மின்சாரம், காற்று எல்லாமே வாசல் வழியாக வருகின்றன. ஈரப் பூச்சை மிதிக்கக் கூடாது என்பதால் தொலைவு முனையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே அடிப்பார்கள். ஹோஸ் முன்னே நீள, எந்திர வண்டி பின்னே நிற்கும். ஆகவே தீப்பிடிக்கக்கூடிய பொருள் அத்தனையும், தீப்பொறி தரக்கூடிய கருவி அத்தனையும், ஆளுக்கும் வாசலுக்கும் நடுவே வந்துவிடுகின்றன. வேலையின் இயல்பான ஒழுங்கே கண்ணியாகிவிடுகிறது. திட்டமிடுகிறவர் வேண்டுமென்றே இந்த ஒழுங்கைக் கலைத்தாலொழிய இது மாறாது.

குழாய்க்குள் ஏன் கழுவினார்கள்

இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் கெட்டி எபாக்சி அது. குளிரில் பாகு போல இறுகிவிடும். அந்த உயரத்தில், அக்டோபர் மாதத்தில், நிலத்துக்கடியில் கிடக்கும் எஃகுக் குழாய் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூச்சு சரியாக விழவில்லை. எந்திரத்தைக் கழுவி மறுபடி தொடங்கலாம் என்று எம்.இ.கே. எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் கரைப்பானை எந்திரத்தின் தொட்டியான ஹாப்பரில் ஊற்றிச் சுற்றவிட்டார்கள்.

வெளியே கொண்டுபோய்க் கழுவியிருக்கலாமே என்று மேசையில் உட்கார்ந்து கேட்பது எளிது. வேலைத்தளத்தில் இருக்கும் நெருக்கடி வேறு. ஹார்ட்னரோடு கலந்த எபாக்சி அரை மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கும். இறுகினால் பம்ப்பும் ஹோஸும் குப்பைக்குத்தான். 440 மீட்டர் வண்டியைத் தள்ளி, வாசலில் தூக்கி இறக்குவதற்குள் நேரம் கடந்துவிடும் என்று கைகள் பதறும். அதனால் “இங்கேயே ஒரு அலசு அலசிவிடுவோம்” என்பதுதான் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றும்.

இதற்கு விடை வேலை தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். இரு பாகத்தையும் கடைசி நேரத்தில் கலக்கும் வகை எந்திரத்தில், கலவை இருப்பது மிக்சர் குழலிலிருந்து ஸ்பிரே கன் வரையிலான சில மீட்டர் ஹோஸில் மட்டும். அந்தத் துண்டையும் மிக்சர் குழலையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால் ஒரு சொட்டுக் கரைப்பான்கூட வேண்டாம். எறியும் துண்டுகளின் விலையை ஒப்பந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டால் மேஸ்திரிக்கும் தயக்கம் இருக்காது. மீதி எந்திரத்தில் கலவாத பாகங்கள்தான் இருக்கும், அவை அவசரமாக இறுகாது. நிதானமாக வெளியே கொண்டுவந்து கழுவலாம். கழுவியே ஆக வேண்டுமென்றால் தீப்பற்றாத கரைப்பான்கள் கடையில் கிடைக்கின்றன. கேபின் கிரீக்கில் அந்த மாற்று சாத்தியமாகவே இருந்தது என்று வாரியம் பதிவுசெய்திருக்கிறது.

ஒரு வாளி எவ்வளவு தூரம் போகும்

எம்.இ.கே.யின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது தீப்பற்றுமளவு ஆவி எழும் குறைந்தபட்ச வெப்பநிலை, மைனஸ் 9 டிகிரி செல்சியஸ். “குளிர்தானே, ஆவியாகாது” என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை. அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, குழாயின் அடிவயிற்றில் படிந்து ஓடும். முகத்தருகே மூக்கு சொல்வதும் காலடியில் இருப்பதும் ஒன்றல்ல. காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே எரியும், அதுதான் கீழ் வெடிப்பு எல்லை (எல்.இ.எல்.).

ஒரு லிட்டர் எம்.இ.கே. முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 268 லிட்டர் ஆவி. அதை 1.4 சதவீதத்துக்குக் கரைக்க 19 கன மீட்டர் காற்று வேண்டும். 12 அடி விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு 10.5 சதுர மீட்டர். அதாவது ஒரு லிட்டர், குழாயில் 1.8 மீட்டர் நீளத்தை விளிம்புவரை எரியும் கலவையாக நிரப்பும். சாதாரண 5 காலன் வாளி, நம் கணக்கில் 19 லிட்டர், கிட்டத்தட்ட 35 மீட்டர் நீளத்துக்கு. பாதுகாப்பு வரம்பாகப் பலரும் ஏற்கும் 10 சதவீத எல்.இ.எல். அளவை மட்டும் தொட வேண்டுமென்றால் அதே வாளி 350 மீட்டருக்குப் போதும். இது கடல்மட்டக் கணக்கு. 10,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தூரம் இன்னும் கூடும்.

வாளி முழுதும் ஒரே நொடியில் ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் ஹாப்பரில் ஊற்றிச் சுழலவிடும்போது திரவத்தின் பரப்பு கூடுகிறது, சூடும் ஏறுகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 10 சதவீத எல்லைக்குள் நிறுத்த நிமிடத்துக்கு 190 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அதுவும் காற்று ஒரே சீராகக் கலக்கிறது என்ற கற்பனையில். நடைமுறையில் மூன்று நான்கு மடங்கு வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் குழாய் முழுக்க விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும். உள்ளே நிற்பவர் முகத்தில் நன்றாக உணரக்கூடிய காற்று அது. வாசலில் ஒரு ஃபேனைச் சுழலவிட்டு “வென்டிலேஷன் உண்டு” என்று வேலை அனுமதித் தாளான பெர்மிட்டில் டிக் அடிப்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

வாயு அளவி கேபின் கிரீக்கில் வேலை நடந்த இடத்தில் இந்த ஆவியைத் தொடர்ந்து அளந்துகொண்டிருக்கவில்லை. வாசலில் காலையில் ஒருமுறை எடுக்கும் அளவு, 440 மீட்டர் உள்ளே மதியம் திறக்கப்படும் வாளியைப் பற்றி எதுவும் சொல்லாது. அளவியை ஹாப்பருக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்க வேண்டும். பென்டேன் என்ற வேறொரு ஆவிக்கு அளவுதிருத்தம் செய்த கருவியில் எம்.இ.கே.யைப் படித்தால் எண் பிசகும், திருத்தக் காரணியைக் கருவியின் கையேட்டில் பார்த்து எழுதி அளவியிலேயே ஒட்டி வைப்பது நல்லது.

பொறி

நிலைமின் பொறிதான் தீயைத் தொடங்கியிருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. இதில் ஒரு நுட்பம் உண்டு. எம்.இ.கே. டொலுவின் என்ற கரைப்பானைப் போல மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் திரவமல்ல, ஓரளவு மின்கடத்தும். எல்லா உலோகப் பாகமும் ஒழுங்காக எர்த் ஆகியிருந்தால் ஏற்றம் நிலத்துக்கு வழிந்துவிடும். சிக்கல் எதிலும் ஒட்டாமல் தனித்து நிற்கும் உலோகத் துண்டில். பிளாஸ்டிக் ஹோஸின் முனையிலிருக்கும் பித்தளை இணைப்பு, பிளாஸ்டிக் வாளியில் நிற்கும் இரும்புக் கலக்கி, ரப்பர் சக்கர வண்டி போன்றவை. ஏற்றம் அதில் சேர்ந்து, பக்கத்து உலோகத்துக்குத் தாவும்போது பொறி.

தடுப்பது எளிது, மலிவும்கூட. மின்கடத்தும் ஹோஸ், உலோக வாளி, வாளியிலிருந்து எந்திரத்துக்கும் எந்திரத்திலிருந்து குழாய்ச் சுவருக்கும் கிளிப் வைத்த செம்புப் பின்னல் கம்பி. பழைய பூச்சின் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டால் எர்த் கிடைக்காது, சுரண்டிய இரும்பில் கவ்வ வேண்டும். எபாக்சி அடிக்க அடிக்க வெற்று இரும்பு மறைந்துகொண்டே வரும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கவ்வுவதற்கென்று ஒரு போல்ட்டைப் பூச்சில்லாமல் விட்டுவைத்துக் கடைசியில் அதை மட்டும் கையால் பூசினால் போதும். மெக்கர் எடுத்து ஹோஸின் இரு முனைக்கும் இடையே தடை பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

விளக்கு, ஹீட்டர் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் பல காலமாகவே தெளிவாக இருந்திருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஏ பிரிவு, குழாய், தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடத்தில் தக்க பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையும் மின்கருவியையும் அனுமதிக்கவில்லை. எரியும் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் தீப்புகா விளக்கு மட்டும்தான் என்றது. 500 வாட் ஹாலஜனைத் தொங்கவிட்டு வேலை செய்யும் பூச்சுக் குழுக்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நாற்பத்தைந்து நிமிடம்

முதல் தீ சிறியதுதான். பக்கத்தில் இருந்த மற்ற கரைப்பான் வாளிகளும் எபாக்சியும் பற்றிக்கொண்டபின் அது வேறொன்றாக மாறியது. வேலை நடந்த இடத்தில் தீயணைப்பான் இல்லை. இந்த ஒரு வரி போதும். ஒரு வாளித் தீயை முதல் நிமிடத்தில் 9 கிலோ உலர்பொடி எக்ஸ்டிங்குவிஷர் அடக்கிவிடும். அதை எடுத்துவர 440 மீட்டர் ஓடித் திரும்பினால் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் பொடிக்கு வேலையே இல்லை.

வாசல் பக்கம் இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். மேல்பக்கம் இருந்த ஐவருக்கும் போக இடம் மேலேதான். ஆனால் சரிந்தேறும் குழாயும் புகைபோக்கியும் இயற்பியலில் ஒன்றே. சூடான புகை நாடும் திசையும் அவர்கள் ஓடிய திசையும் ஒன்றாகவே இருந்தன.

சுற்றுவட்டாரத்திலிருந்து 14 மீட்புக் குழுக்கள் திரண்டன. அத்தனை பேர் வந்தும் ஏன் எவராலும் உள்ளே போக முடியவில்லை என்பதை ஒரு தீயணைப்பு வீரரின் முதுகுச் சிலிண்டரை வைத்தே சொல்லிவிடலாம். 6.8 லிட்டர் கொள்ளளவு, 300 பார் அழுத்தம், உள்ளே சுமார் 2,000 லிட்டர் காற்று. கனமான வேலையில் மனிதர் நிமிடத்துக்கு 50 முதல் 60 லிட்டர் இழுப்பார். 55 பார் வாக்கில் எச்சரிக்கை விசில் ஊதும்போது திரும்பியாக வேண்டும். அதுவரை மொத்தமாகச் சுமார் 30 நிமிடம்தான் கையில். கண் தெரியாத புகையில் தவழ்ந்து போகும் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர் என்றால் 440 மீட்டரைக் கடக்கவே 24 நிமிடம். போய்ச் சேரும்போது சிலிண்டரில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். திரும்பி வரவே காற்று போதாது, சிக்கியவருக்குக் கொடுக்கவும் காற்றில்லை. ஊர்த் தீயணைப்புப் படை கோழை அல்ல, அவர்கள் முதுகில் இருப்பது வீட்டுத் தீக்கான கருவி.

இவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டியது சுரங்க மீட்புக் குழு. வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து ஆக்சிஜன் சேர்த்துத் திருப்பித் தரும் மூடிய சுற்றுக் கருவி அவர்களிடம் உண்டு, நான்கு மணி நேரம் தாங்கும். அடைபட்ட இடத்தில் மீட்கத் தகுதியுள்ள அருகிலிருந்த குழு ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் இருந்தது. உள்ளிருந்தவர்கள் பேசிய நேரமோ முக்கால் மணி. பக்கத்து ஹென்டர்சன் மாலிப்டினம் சுரங்கத்தின் குழு வந்து உள்ளே போனபோது மீட்க உயிரில்லை.

நிலையமும் ஒப்பந்தக்காரரும் வைத்திருந்த மீட்புத் திட்டம், அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழைப்பது. தொலைபேசி எண் திட்டமாகாது. அந்த எண்ணில் எடுப்பவர் எவ்வளவு நேரத்தில், எந்தக் கருவியோடு, எவ்வளவு ஆழம் வரை வருவார் என்று ஒருமுறை விசாரித்திருந்தால், வேலை தொடங்கும் முன்பே அந்தத் திட்டம் கிழிக்கப்பட்டிருக்கும்.

இதே கணக்கை ஆளின் பக்கமிருந்தும் போட்டுப் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி இடுப்பில் கட்டும் ஆக்சிஜன் வகை தற்காப்பு மூச்சுக்கருவி, வகையைப் பொறுத்து 30 முதல் 60 நிமிடம் தரும். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, வழியில் 100 மீட்டருக்கு ஒரு பெட்டி என்று வைப்பது பெரிய செலவல்ல. கார்பன் மோனாக்சைடை மட்டும் வடிகட்டும் மலிவான வகையை வாங்கிவிடக் கூடாது. ஆக்சிஜன் தீர்ந்த காற்றில் அது வெறும் முகமூடி.

காகிதத்தில் நடந்தது

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் அடைபட்ட இட விதி, எரியும் ஆவி 10 சதவீத எல்.இ.எல்.லைத் தாண்டினால் அதை அபாயச் சூழல் என்று வரையறுக்கிறது. ஆனால் எந்த அளவுக்கு மேல் ஆள் உள்ளே போகவே கூடாது என்று ஒரு எண்ணை அது வைக்கவில்லை. இந்த ஓட்டையைத்தான் வாரியம் முதலில் சுட்டியது. 1993 முதல் எடுத்துப் பார்த்தபோது அடைபட்ட இடங்களில் எரியும் சூழலால் நேர்ந்த 53 கடுமையான விபத்துகளில் 45 பேர் இறந்திருந்தார்கள்.

ஒப்பந்தக்காரர் தேர்வு இன்னும் உறுத்தலானது. விலைப்புள்ளிகளை மதிப்பிட்ட தாளில், பாதுகாப்புப் பிரிவில் ஆர்பிஐக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். அந்த மதிப்பெண்ணே தகுதிநீக்கத்துக்குப் போதும். இருந்தும் வேலை அவர்களுக்குப் போனது, விலை காரணமாக. பாதுகாப்பு மதிப்பெண்ணை விலையோடு கூட்டிச் சராசரி எடுக்கும் எந்தத் தாளும் இப்படித்தான் முடியும். பாதுகாப்பில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பது என்ற முறைக்கு மாறினால் கூட்டலே தேவைப்படாது. பின்னர் நடந்த குற்றவியல் வழக்கில் 2011-இல் எக்செல் நிறுவனத்தைக் குற்றமற்றது என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆர்பிஐ குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ஸ்ரீசைலம் பக்கம் ஒரு பார்வை

பூச்சு வேலைக்கு மட்டும் உரிய ஆபத்து இது என்று நினைத்துவிடக் கூடாது. 2020 ஆகஸ்ட் 20 இரவு பத்தரை மணி வாக்கில் தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடக்கரை நிலத்தடி மின்நிலையத்தில் தீப்பிடித்தது. ஆறு எந்திரம், ஒவ்வொன்றும் 150 மெகாவாட், மொத்தம் 900 மெகாவாட். கிருஷ்ணாவில் வெள்ளம் வந்த நாட்கள் அவை. இறந்தவர்கள் ஒன்பது பேர், அவர்களில் இருவர் பேட்டரி வேலைக்காக வந்த தனியார் நிறுவனத்தார். அங்கும் உயிரைக் குடித்தது புகை. அங்கும் மீட்புக்கு சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கக் குழுவை வரவழைக்க வேண்டியிருந்தது.

நேர்மின் பேட்டரி என்பது நிலையத்தின் நரம்பு. பெரும்பாலும் 220 வோல்ட். பிரேக்கர் டிரிப் ஆவது, ரிலே வேலை செய்வது, அவசர விளக்கு எரிவது எல்லாம் அதை நம்பித்தான். எந்திரம் ஓடும்போது அதில் கைவைத்து, அந்த நேரத்தில் எங்காவது ஷார்ட் ஆனால், பழுதைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கருக்கு உயிர் இருக்காது. ஜெனரேட்டர் தீக்குத் தானே மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். விளக்கும் போய்விடும். ஆகவே பேட்டரி மாற்றுவதாக இருந்தால் முதலில் தற்காலிகப் பேட்டரி வரிசை ஒன்றை இணையாகக் கொடுத்து, பிரேக்கரைத் திறக்கவைக்கும் டிரிப் சுருளில் வோல்ட் பார்த்து, அதன்பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். அதைவிடவும் நல்லது எந்திரங்களை நிறுத்திவிட்டுச் செய்வது. வெள்ளக்காலத்தில் ஒரு நாள் உற்பத்தியை விட மனம் வராது என்பது தெரியும். பராமரிப்புக்கான கோடையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை என்பதும் தெரியும்.

மேன்ஹோலைத் திறக்கும் முன்

தண்ணீர் வடித்த பென்ஸ்டாக்கில் பூச்சு அடிக்கப்போகும் நிலையப் பொறியாளர் முதலில் வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும். குழாய் நிலத்துக்கு வெளியே கிடக்கும் இடமென்றால், குழாயைப் பிடித்து நிறுத்தும் கான்கிரீட் ஆங்கர் பிளாக்குகளுக்கு நடுவே ஒரு தற்காலிக வாசலை வெட்டிப் பின்னர் பற்றவைத்து மூடலாம். வெல்ட் எக்ஸ்ரே செலவு உட்பட, மொத்த ஒப்பந்தத்தில் அது சிறு தொகை. நிலத்தடியில் புதைந்த குழாய்க்கு அது முடியாது. அங்கே மேல்முனைச் சரிவில் கயிறும் இறக்கும் கூண்டும் வேலை நடக்கும் நாள் முழுக்கத் தயாராகத் தொங்க வேண்டும், இயக்குபவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் எரியும் கரைப்பானை உள்ளே விடுவதே இல்லை என்று முடிவெடுப்பதுதான் மிச்சம்.

கரைப்பான் எண்ணிக்கையை வாசலில் ஒருவர் எழுத வேண்டும், எத்தனை லிட்டர் உள்ளே போனது, எத்தனை திரும்பியது என்று. உள்ளே ஒரு நேரத்தில் ஒரு மூடியிட்ட உலோகக் கேன், 5 லிட்டருக்கு மேல் இல்லை. எபாக்சியும் அன்றைய இரண்டு மணி நேரத் தேவைக்கு மட்டும். எந்திரத்துக்கு இரு பக்கமும் தலா இரண்டு எக்ஸ்டிங்குவிஷர். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் தீ எழும்போது அது எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். எந்திரத்தைத் தாண்டி மேல்பக்கம் போகிறவர் எத்தனை பேர் என்பதற்குத் தனி எண்ணிக்கை வைத்து அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கன் பிடிப்பவரும் ஹோஸ் இழுப்பவரும் போதும். மற்றவருக்கு அங்கே வேலையில்லை. கழுவும் நேரம் வந்தால் மேல்பக்கம் ஒருவரும் இருக்கக் கூடாது. எல்லோரும் எந்திரத்தைக் கடந்து வாசல் பக்கம் வந்தபின்தான் கேன் மூடியைத் திறக்க வேண்டும். மேலே சொன்ன அத்தனையும் தவறிப்போனாலும் இந்த ஒன்று நடந்திருந்தால், கேபின் கிரீக்கில் தீக்கு அப்பால் சிக்கிக்கொள்ள ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒத்திகை. வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், 70 கிலோ மணல் மூட்டையை வேலை நடக்கப்போகும் இடத்தில் கிடத்திவிட்டு, வரப்போகும் மீட்புக் குழுவையே கூப்பிட வேண்டும். விளக்கை அணைத்து, முகக்கவசக் கண்ணாடியில் மெழுகுத் தாளை ஒட்டி, தொலைபேசி ஒலித்த நொடியிலிருந்து மூட்டை வாசலுக்கு வரும் வரை நேரம் எடுக்க வேண்டும். அந்த நிமிடத்தையும், உள்ளிருப்பவர் இடுப்பிலிருக்கும் மூச்சுக்கருவி தாங்கும் நிமிடத்தையும் பெர்மிட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுத வேண்டும். முதல் எண் பெரியதாக இருந்தால் ஷிப்ட் பொறியாளர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.